பந்தய ரசிகரின் குரல் விதிப்புத்தகம் வரை போக: கருத்துச் சொல்லும் முறை

2005-ல் உலக மோட்டார் பந்தயங்களின் ஆட்சி அமைப்பான எஃப்ஐஏவும் கணினிச் சிப் நிறுவனமான ஏஎம்டியும் சேர்ந்து ஃபார்முலா 1 ரசிகர்களிடம் ஒரு சர்வே எடுத்தன. 180 நாடுகளிலிருந்து 93,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் கேட்டது ஒன்றுதான்: ஓவர்டேக் போதவில்லை, கூட்ட வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் எஃப்ஐஏ ஒரு தீர்வைக் காட்டியது. பின் இறக்கையை நடுவில் பிரித்து, ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் பின்னால் ஒரு பெட்டி போல வைக்கும் வடிவம் அது. அந்தத் தீர்வு டிராக்கைப் பார்க்கவேயில்லை. ரசிகர்கள் சொன்ன குறை மட்டும் மேசையிலேயே இருந்தது. பேடி லோ, பேட் சைமண்ட்ஸ், ரோரி பர்ன் ஆகிய பொறியாளர்கள் இருந்த குழு அதை எடுத்து ஆராய்ந்தது. 2009 கார் அதிலிருந்து வந்ததுதான்: முன் இறக்கை 1,400 மி.மீ-யிலிருந்து 1,800 மி.மீ. ஆனது, பின் இறக்கை 1,000 மி.மீ-யிலிருந்து 750 மி.மீ-யாகக் குறுகியது, பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயர்கள் திரும்பின.

பத்து ஆண்டு கழித்து, 2015-ல், டிரைவர்கள் சங்கமான ஜிபிடிஏ நடத்திய சர்வேயில் 194 நாடுகளிலிருந்து 2,17,756 பேர் கலந்துகொண்டார்கள். பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதைத் திரும்பக் கொண்டுவரும்படி பாதிக்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். 2010-ல் நிறுத்தப்பட்ட அது இன்றுவரை திரும்பவில்லை. செலவும் தீ ஆபத்தும் ஒரு பக்கம். எரிபொருள் நிரப்பிய காலத்தில் இடங்கள் டிராக்கில் மாறாமல் கார்கள் நின்று செல்லும் பிட்டில்தான் மாறின என்பது இன்னொரு பக்கம். ரசிகர்களுக்கு வேண்டியது விறுவிறுப்பு. அவர்கள் கேட்டதோ அதைக் குறைக்கும் வழி.

டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று சொல்கிறோம். மாத்திரையின் பெயரை நாமே சொல்வதில்லை. பந்தயத்துக்குக் கருத்துச் சொல்வதும் அப்படித்தான். என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போது, எத்தனை முறை என்பதை உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. இறக்கையின் அளவைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் வேலை: யாரிடம் சொல்வது

ரசிகர்களின் உழைப்பு அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். டிக்கெட் விலைக்காக எஃப்ஐஏவைத் திட்டுவார்கள். தண்டனை சரியில்லை என்று பந்தயம் நடத்தும் ஊர்க்காரர்களுக்கு எழுதுவார்கள். கடிதம் தவறான மேசைக்குப் போனால் அது சரியான மேசைக்குத் தானாக நகராது.

ஃபார்முலா 1-ல் மூன்று மேசைகள். விதி, பாதுகாப்பு, தண்டனையை முடிவு செய்யும் ஸ்டூவர்டுகள், பந்தயத்தை நடத்திச் செல்லும் ரேஸ் டைரக்டர் ஆகியவை எஃப்ஐஏவிடம். எந்த ஊரில் எத்தனை பந்தயம், சனிக்கிழமைக் குறும்பந்தயமான ஸ்பிரிண்ட் எங்கே, நேரலையில் எந்த கேமரா, திரையில் எந்த எண் என்பவை லிபர்ட்டி மீடியாவுக்குச் சொந்தமான, ஃபார்முலா 1-ன் வணிகத்தைக் கவனிக்கும் எஃப்ஓஎம்மிடம். இருக்கை, கழிப்பறை, பார்க்கிங், நிழல், டிக்கெட் எல்லாம் அந்தந்த ஊரில் பந்தயம் நடத்துபவரிடம். டிக்கெட் விலையில் மட்டும் ஒரு முடிச்சு உண்டு: நடத்துபவர் எஃப்ஓஎம்முக்குப் பெரும் தொகை கட்டுகிறார், அதை அவர் பெரும்பாலும் டிக்கெட்டில்தான் மீட்க முடியும். அதனால் விலை பற்றிய குறையை இருவருக்கும் எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்.

டயர் விஷயத்திலும் இப்படித்தான் பலர் வழி தவறுகிறார்கள். 2011 முதல் பிரெல்லி மட்டுமே டயர் கொடுக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தேய வேண்டும் என்ற இலக்கு அந்த நிறுவனம் தனியாக முடிவு செய்வதல்ல. எஃப்ஐஏ, எஃப்ஓஎம், அணிகள் சேர்ந்து கொடுப்பது. ஒரே பிட் ஸ்டாப்பில் பந்தயம் முடிந்துவிடுகிறது என்பது குறை என்றால், அதைக் கேட்க வேண்டிய இடம் இலக்கைக் கொடுப்பவர்கள்.

ஓட்டுக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. 2021 முதல் 2025 வரை விதி மாற்றங்களுக்கு ஓட்டுப் போடும் ஃபார்முலா 1 கமிஷனில் 30 ஓட்டுகள்: எஃப்ஐஏவுக்கு 10, எஃப்ஓஎம்முக்கு 10, பத்து அணிகளுக்குத் தலா 1. அடுத்த ஆண்டு விதியை மாற்ற 25 ஓட்டு வேண்டியிருந்தது. நேரம் கடந்துவிட்டால் 28. எஃப்ஐஏவும் எஃப்ஓஎம்மும் ஒத்துப்போனாலும் 20 தான். மீதி அணிகளிடமிருந்து வர வேண்டியிருந்தது. 2026-ல் கேடிலாக் பதினோராவது அணியாக வந்த பிறகும் கமிஷனில் அணிகளுக்கு ஓட்டு உண்டு. உங்கள் அபிமான அணி தன் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். கமிஷனில் ஓட்டுப் போடுபவர் கேட்கிறார். பாதுகாப்புக் காரணம் என்றால் மட்டும் எஃப்ஐஏ யாரையும் எதிர்பார்க்காமல் விதியை மாற்றலாம்.

இந்தியாவில் கார், பைக் இரண்டு பந்தயங்களுக்கும் தேசிய அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. எஃப்ஐஏ, பைக் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஎம் இரண்டிலும் இந்தியாவின் உறுப்பினர் அதுதான், தலைமையகம் சென்னையில். தேசிய சாம்பியன்ஷிப் விதி, அதிகாரிகளின் தரம், பாதுகாப்பு பற்றிய கருத்து அங்கே போக வேண்டும். இருங்காட்டுக்கோட்டை டிராக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. 1953-ல் தொடங்கி, சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வளர்ந்த கிளப் அது. அங்கே உட்காரும் இடம், அறிவிப்பு, தண்ணீர் போன்றவற்றுக்குக் கிளப்பும் அந்தப் போட்டியை நடத்தும் நிறுவனமும்தான் பொறுப்பு. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அப்படியே: டிராக்கின் உரிமையாளர் ஒருவர், போட்டி நடத்துபவர் வேறொருவராக இருக்கலாம். டிக்கெட்டிலோ போஸ்டரிலோ ‘நடத்துபவர்’ என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் அவருக்கு, நகல் டிராக் உரிமையாளருக்கு.

ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பந்தய முடிவை எதிர்த்து முறையீடு செய்யும் உரிமை போட்டியாளருக்கு மட்டும் உண்டு. அதற்குக் கட்டணமும் நிமிடக் கணக்கில் கெடுவும் உண்டு. ரசிகர் அனுப்புவது கருத்து. “இந்த முடிவை மாற்றுங்கள்” என்று எழுதினால் படிப்பவர் அதற்கு மேல் படிக்கமாட்டார். “இந்த முடிவுக்குக் காரணம் டிராக்கில் இருந்த எங்களுக்குச் சொல்லப்படவில்லை” என்று எழுதினால் அது அவர் கையில் உள்ள வேலை.

இரண்டாவது: எப்போது

விதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. என்ஜின் விதி மிக மெதுவானது. 2026 என்ஜின் விதிகளுக்கு 2022 ஆகஸ்டிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாகும், புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியு-ஹெச் நீங்கும் என்பதெல்லாம் அப்போதே முடிவானவை. காரின் வடிவ விதி 2024 ஜூனில் வெளிவந்தது: அகலம் 2,000 மி.மீ-யிலிருந்து 1,900, குறைந்தபட்ச எடை 768 கிலோ, முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ்ஸுக்குப் பதில் நகரும் இறக்கைகள். 2026-ல் சீசன் தொடங்கிய பிறகு “என்ஜினை மாற்று” என்று எழுதுவது அடுத்த தலைமுறை காருக்கான கருத்து. அப்படியே தலைப்பிட்டு எழுதினால் பயன் உண்டு.

போட்டி முறை அதற்கு நேர் எதிர். 2016 ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றில் 90 வினாடிக்கு ஒருவரை வெளியேற்றும் முறை வந்தது. கடைசி நிமிடங்களில் டிராக் வெறிச்சோடிக் கிடந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். பஹ்ரைனில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது பந்தயமான சீனாவில் பழைய முறைக்கே திரும்பினார்கள். மார்ச் 19-ல் வந்தது ஏப்ரல் 16-ல் இல்லை. அந்த வெற்றிக்குக் காரணம் கோபம் மட்டுமல்ல. குறை கண்ணுக்கு முன் இருந்தது: கொடி அசையும்போது ஓட ஒரு கார் இல்லை. அதை யாரும் மறுக்க முடியவில்லை. 2014 கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி கொடுத்த விதியும் ஒரே ஆண்டில் போய்விட்டது.

ஸ்பிரிண்ட் இன்னும் நல்ல உதாரணம். 2021-ல் ஸ்பிரிண்டில் ஜெயித்தவருக்கே போல் பொசிஷன், அதாவது பந்தயத்தின் முதல் தொடக்க இடம். 2022-ல் போல் தகுதிச் சுற்றில் முதல் வந்தவருக்குத் திரும்பியது. புள்ளி முதல் எட்டு பேருக்கு விரிந்தது. 2023-ல் ஸ்பிரிண்டுக்குத் தனித் தகுதிச் சுற்று. 2024-ல் நாள் வரிசையே மாறி, ஸ்பிரிண்ட் முடிந்த பிறகு காரின் செட்டப்பை மாற்ற அனுமதி. ஆண்டுதோறும் கை வைக்கும் இடம் இது; உங்கள் நேரத்தை இதில் போடுங்கள்.

எஃப்ஐஏவின் உலக மோட்டார் ஸ்போர்ட் கவுன்சில் ஆண்டுக்குப் பல முறை கூடுகிறது. ஜூன், டிசம்பர் கூட்டங்களில் விதி மாற்றங்கள் அதிகம் வரும். கூட்டத்தில் ஒப்புதல்தான் நடக்கும். யோசனை அதற்குச் சில மாதம் முன்பே பேசி முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான போட்டி முறை பற்றிய கருத்து மார்ச் முதல் ஜூன் வரை போய்ச் சேருவது நல்லது. நவம்பரில் எழுதுவது பெரும்பாலும் தாமதம்.

மூன்றாவது: குறிப்பு எடுப்பது

சர்வே வந்த பிறகு யோசித்தால் கடைசியாகப் பார்த்த பந்தயம் மட்டும்தான் நினைவில் நிற்கும். கடைசிப் பந்தயம் மழையில் நடந்திருந்தால் எல்லாம் அருமை, ஓவர்டேக் அரிதான மொனாக்கோவாக இருந்தால் எல்லாம் மோசம். அதனால் மூன்று பந்தயங்களுக்காவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து விஷயம் போதும்: லேப் எண், வளைவு எண், இரு கார்களின் இடைவெளி, யார் எந்த டயரில் எத்தனை லேப் ஓடியிருக்கிறார், திரையில் அப்போது என்ன காட்டினார்கள்.

இடைவெளிக்கு லைவ் டைமிங் போதும். பந்தயம் முடிந்ததும் எஃப்ஐஏ லேப் நேரங்களையும் ஸ்டூவர்டுகளின் முடிவுகளையும் எண்ணிட்ட பிடிஎஃப் கோப்புகளாக வெளியிடுகிறது. தண்டனை பற்றி எழுதுவதாக இருந்தால் அந்த ஆவணத்தைப் படிக்காமல் எழுதாதீர்கள். பாதிக் கோபம் அதைப் படித்ததும் அடங்கிவிடும்; மீதிப் பாதிக்குக் கூர்மை வரும்.

கூர்மை எப்படி வரும் என்பதற்கு 2021 அபுதாபி. ஆபத்து நேரத்தில் எல்லோரின் வேகத்தையும் கட்டுப்படுத்த வரும் சேஃப்டி காருக்குப் பின்னால், ஒரு சுற்று பின்தங்கி லேப் வாங்கிய கார்களில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் இடையில் நின்ற ஐந்து மட்டும் முன்னே போக அனுமதிக்கப்பட்டன. “அநியாயம்” என்று எழுதியவர்கள் லட்சம் பேர். விதி 48.12-ல் லேப் வாங்கிய கார் ‘எதுவாயினும்’ என்ற பொருளில் சொல் இருக்கிறது, அது சிலவா எல்லாமா என்று தெளிவாக இல்லை எனச் சுட்டியது வேறு வகை. 2022-ல் அந்த ஒரு சொல்தான் ‘எல்லாக் கார்களும்’ என்று மாறியது.

அதே ஆண்டு ஸ்பாவில் மழையில் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்து முடிந்த பந்தயத்துக்குப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். மழையில் நாள் முழுக்க நின்றவர்களின் கேள்வி எளியது: பந்தயமே நடக்காதபோது புள்ளி எப்படி? அடுத்த ஆண்டு முதல், சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு லேப் ஓடினால்தான் புள்ளி என்று விதி வந்தது.

நான்காவது: சர்வே படிவம்

வயது, நாடு, பால், எத்தனை ஆண்டாகப் பார்க்கிறீர்கள் என்ற பக்கத்தைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை. அதுதான் உங்கள் பதிலுக்கு எடை கொடுக்கும் பக்கம். முடிவுகளைக் குழு குழுவாகப் பிரித்துத்தான் பார்ப்பார்கள். 2021-ல் மோட்டார்ஸ்போர்ட் நெட்வொர்க் நடத்திய உலக சர்வேயில் 187 நாடுகளின் 1,67,302 பேர் கலந்துகொண்டார்கள். அதில் அதிகம் பேசப்பட்டவை சராசரி வயது 2017-ல் 36 ஆக இருந்து 32 ஆகக் குறைந்ததும், பெண்களின் பங்கு இரு மடங்காகி 18.3 சதவீதம் ஆனதும். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தால் இந்த இரண்டும் தெரியவே தெரியாது.

நம் ஊர் ரசிகருக்கு இது இன்னும் முக்கியம். ஐரோப்பியப் பந்தயங்கள் நமக்கு வழக்கமாக மாலை 6.30. மெல்பர்ன் காலை 9.30, சாவ் பாவ்லோ இரவு 10.30. 2025 மயாமி தொடங்கியது திங்கள் அதிகாலை 1.30-க்கு. நேரம் பற்றிய கேள்வி வந்தால் ‘வசதியில்லை’ என்று விடாமல், இந்திய நேரம் எத்தனை மணி, நேரலையாகப் பார்த்தீர்களா, மறுநாள் தொகுப்பைப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள். ஒளிபரப்பு உரிமையை விற்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் தகவல்.

ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் கேட்கும் கேள்விகளில் இரண்டு தவறு நடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் தட்டிக்கொண்டே போவது முதலாவது. பதில்களைச் சரிபார்த்துச் சுத்தம் செய்யும்போது அப்படிப்பட்ட படிவங்களை மொத்தமாக நீக்கிவிடுவார்கள். இருபது நிமிடப் படிவத்தை மூன்று நிமிடத்தில் முடித்தவர்களையும் அப்படியே. நடுவில் “இந்த வரியில் 4-ஐத் தேர்ந்தெடுக்கவும்” என்று வருவது நீங்கள் படிக்கிறீர்களா என்று பார்க்கத்தான். இரண்டாவது தவறு, பிடிக்காத ஒன்றுக்காக எல்லாவற்றுக்கும் 1 போடுவது. ஓவர்டேக்குக்கு 3, நேரலை கேமராவுக்கு 8 என்று போட்டால் அந்த 3-ஐ நம்புவார்கள். எல்லாம் 1 என்றால் ஆள் கோபத்தில் இருக்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தெரியாத கேள்விக்குத் ‘தெரியாது’ என்ற கட்டத்தையே தேர்ந்தெடுங்கள். செலவு வரம்பு பற்றிக் கேட்கும் இடத்தில் தோன்றியதைப் போடுவது, அதைப் படித்துத் தெரிந்து பதில் சொன்ன இன்னொரு ரசிகரின் குரலை நீர்க்கச் செய்கிறது.

அபிமான டிரைவர் யார் என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். நடுநிலையாகத் தெரிய வேண்டும் என்று மறைக்கத் தேவையில்லை. ஒரு விதியை ஜெயித்தவரின் ரசிகர்களும் தோற்றவரின் ரசிகர்களும் ஒருசேர வெறுத்தார்கள் என்றால் அதைவிடப் பலமான சாட்சி இல்லை. அதைக் கண்டுபிடிக்க இந்தக் கேள்வி வேண்டும். ஒரே ஆள் நான்கு மின்னஞ்சலில் நான்கு முறை நிரப்புவது கண்டுபிடிக்கப்படும். அப்போது நாலும் போகும்.

ஐந்தாவது: காலிப் பெட்டி

‘வேறு கருத்து’ என்று கீழே ஒரு காலிப் பெட்டி இருக்கும். ரசிகர்கள் அதிகம் எழுதுவதும், அதிகம் வீணாவதும் அங்கேதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எழுதும் முறை மாறிவிடும். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு ஒட்டுவார்கள், ஆளோ மென்பொருளோ. ‘ஓவர்டேக்’, ‘நேரலை’, ‘தண்டனை’, ‘பொதுவான அதிருப்தி’ என்று. கடைசித் தலைப்பில் விழுந்தால் உங்கள் கருத்தை எடுத்துச் செய்ய அங்கே எந்தத் துறையும் இல்லை.

இது வீணாகும் வகை:

“ரேஸ் செம போர். டிஆர்எஸ் மொக்கை. வி10 கொண்டு வாங்க. ஸ்டூவர்ட் எல்லாம் ஒரு சைடு.”

நான்கு விஷயம், நான்கிலும் இடமில்லை, நேரமில்லை. இதையே எழுதியவர் உண்மையில் பார்த்தது இப்படி இருக்கலாம்:

“18 முதல் 33-ஆம் லேப் வரை ஐந்து கார்கள் தலா 1 வினாடி இடைவெளிக்குள் ஓடின, ஒரு இடமும் மாறவில்லை. பின்னால் வந்த கார் 9-ஆவது வளைவுக்குள் நுழையும்போதெல்லாம் அகலமாகப் போய் இடைவெளியை இழந்தது. இதைத் திரையில் இரண்டு முறைதான் காட்டினார்கள். இந்த சீசனில் நான் பார்த்த மூன்று பந்தயங்களில் இரண்டில் இதேதான்.”

இதில் தீர்வு எதுவும் இல்லை. ஆனால் ஏரோ பொறியாளர் படித்தால், முன் காரின் கலைந்த காற்றில் பின் கார் பிடிமானம் இழக்கிறது என்று புரிந்துகொள்வார். 2021 கார் முன்னால் உள்ள காரிலிருந்து 20 மீட்டரில், காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசையான டவுன்ஃபோர்ஸில் 35 சதவீதத்தை இழந்தது. 2022 விதிகள் அதை 4 சதவீதமாகக் குறைக்கும் இலக்கோடு வந்தன. பிறகு அணிகள் காரை மெருகேற்ற மெருகேற்ற அந்த லாபம் கரைந்தது. கரைவதை முதலில் காண்பது 9-ஆவது வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான்.

ஒரு பெட்டியில் ஒரு விஷயம். 60 முதல் 80 சொல். முதல் வரியிலேயே இடமும் நேரமும். இரண்டு விஷயம் எழுதினால் முதலாவதற்குத்தான் தலைப்பு ஒட்டுவார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் முதலில் தமிழில் எழுதிவிட்டுச் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றுங்கள். கிண்டலும் மீமும் மொழி தாண்டாது. நீளமான படிவங்களில் பக்கம் காலாவதியாவது உண்டு, அதனால் வேறு இடத்தில் தட்டச்சு செய்து ஒட்டுங்கள், நகலும் கையில் இருக்கும்.

சத்தம் பற்றி எழுதுபவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2014-ல் வி6 டர்போ வந்தபோது சத்தம் போய்விட்டது என்று உலகம் முழுக்கப் புகார். அந்த மே மாதம் பார்சலோனா சோதனையில் மெர்சிடிஸ் காரின் புகைக்குழாயில் ஊதுகொம்பு போன்ற ஒன்றை மாட்டி ஓட்டினார்கள்; பெரிய மாற்றம் இல்லை. டர்போவும் எம்ஜியு-ஹெச்சும் புகையின் ஆற்றலை உறிஞ்சிவிட்டன. குழாயின் வாயை விரித்து அதைத் திருப்ப முடியவில்லை. 2016-ல் டர்போவைத் தவிர்த்துப் புகையை வெளியேற்றும் வேஸ்ட்கேட்டுக்குத் தனிக் குழாய் வைக்கச் சொன்ன விதி ஓரளவு கைகொடுத்தது. ‘வி10 வேண்டும்’ என்பதற்குப் பதில், எந்த ஸ்டாண்டில் இருந்தீர்கள், கார் எவ்வளவு தூரத்தில் வரும்போது கேட்டது, ஒலிபெருக்கி அதை அமுக்கியதா என்று எழுதினால் என்ஜின்காரருக்கும் ஊரில் நடத்துபவருக்கும் ஒருசேரப் பயன்படும்.

பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லி எழுதாதீர்கள். 2018-ல் டிரைவரின் தலையைக் காக்கும் வளையமான ஹேலோ வந்தபோது அதை அசிங்கம் என்று சொன்ன ரசிகர்கள் ஏராளம். 2020 நவம்பர் 29, பஹ்ரைன்: ரோமன் க்ரோஷானின் கார் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதி, 67 ஜி அதிர்ச்சியில் இரண்டாகப் பிளந்து எரிந்தது. 27 வினாடியில் அவர் வெளியே வந்தார். தடுப்பின் இரும்பைத் தலைக்கு முன் விலக்கியது ஹேலோ. ஹேலோவால் டிரைவரின் ஹெல்மெட் தெரியவில்லை, அடையாளம் காண முடியவில்லை என்பது நியாயமான குறை. அதை எண்ணின் அளவு, நிறம், கேமரா கோணம் என்று கேட்டால் செய்ய முடியும்.

ஆறாவது: டிராக்குக்கு நேரில் போனவர்கள்

நேரில் போனவரின் கருத்துக்கு மதிப்பு அதிகம், ஆயுள் குறைவு. நடத்துபவரின் ஆட்களும் ஒப்பந்தக்காரர்களும் பந்தயம் முடிந்த சில நாட்களில் கணக்கை முடித்துக் கலைந்துவிடுவார்கள். 72 மணி நேரத்துக்குள் அனுப்பப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் டிக்கெட்டையும் அங்கிருந்து டிராக் தெரியும் காட்சியையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் விழாமல். வெயில் எந்த மணிக்கு முகத்துக்கு வந்தது, தண்ணீர் எந்த மணிக்குத் தீர்ந்தது, கழிப்பறை வரிசையில் எத்தனை நிமிடம், கடைசி கார் கடந்த பிறகு வாசலைத் தாண்ட எத்தனை நிமிடம் என்று கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து இருங்காட்டுக்கோட்டை போன்ற இடத்தில் வெளியேறும் நேரம்தான் அடுத்த முறை குடும்பம் வருமா வராதா என்று முடிவு செய்கிறது.

தடுப்புக்கு அருகில் ஆட்கள் ஏறி நிற்கிறார்கள், வேலி தளர்ந்திருக்கிறது என்பது போன்றவற்றுக்குக் கடிதம் வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்தில் நிற்கும் டிராக் ஊழியரான மார்ஷலிடம் சொல்லுங்கள். பிறகு எழுதும்போது மார்ஷல் போஸ்ட் எண்ணையும் சொன்ன நேரத்தையும் சேர்க்கலாம்.

கடிதம் இந்த அளவு போதும்:

“ஐயா / அம்மா, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு இருவர் வந்தோம், பிளாக் பி, வரிசை 6. மதியம் 12.40 முதல் ஒலிபெருக்கி கேட்கவில்லை. 1.15-க்குச் சிவப்புக் கொடி வந்தபோது காரணமோ மறுபடி தொடங்கும் நேரமோ எங்கள் பக்கம் 25 நிமிடம் தெரியவில்லை. பலர் எழுந்து போய்விட்டார்கள். மார்ஷல்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், அவர்களுக்கும் தகவல் இல்லை. காட்சிப் படம் இணைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்கு முன் பிளாக் பி-யில் இது சரிசெய்யப்படுமா என்று தெரிவித்தால் வருகிறவர்களுக்குச் சொல்ல உதவியாக இருக்கும்.”

நல்லது நடந்ததையும் ஒரு வரி எழுதுவது மரியாதைக்காக மட்டுமல்ல. எதை மாற்றக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு செலவைக் குறைக்கும்போது அதில்தான் கை வைப்பார்கள்.

ரசிகர் குழுவாக அனுப்புகிறவர்களுக்கு

ஒரே கடிதத்தை நாற்பது பேர் நகல் எடுத்து அனுப்பினால் அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும். நாற்பது பேரும் தங்கள் தங்கள் பிளாக், வரிசை, நேரத்தோடு மூன்று வரி எழுதி, ஒருவர் அதை ஒரே பட்டியலாகக் கட்டி அனுப்பினால் எங்கே ஒலிபெருக்கி கேட்கவில்லை என்று வரைபடமே கிடைத்துவிடும்.

குழுவுக்குள் சின்ன சர்வே எடுக்கலாம். எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம். “டிக்கெட் விலையும் வசதியும் சரியா?” என்பது ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்பது, பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “மோசமான பார்க்கிங்கைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். நூறு பேருக்குக் கீழே என்றால் சதவீதம் போடாமல் ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் பதில் தரவில்லை என்பதையும் மேலே போடுங்கள்; அதை மறைத்த அறிக்கையை விவரம் தெரிந்தவர் ஓரமாக வைத்துவிடுவார். குழுவில் யாருக்காவது வார இறுதிகள் கிடைக்குமானால் கிளப்புகள் நடத்தும் மார்ஷல் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். பந்தயம் முடிந்து அதிகாரிகள் கூடிப் பேசும் இடத்துக்கு மிக அருகில் போகும் வழி அது.

அனுப்பிய பிறகு

“குறித்துக்கொண்டோம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி, இது எந்தக் கூட்டத்தில் பேசப்படும் என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். பதிலே வராவிட்டால் 30 நாள் கழித்து, பழைய மின்னஞ்சலின் கீழேயே, ஒரு முறை. அதற்கு மேல் துரத்தினால் அடுத்த கடிதத்தையும் திறக்கமாட்டார்கள்.

சர்வே முடிவு வெளியானதும் உங்கள் நகலை எடுத்து வைத்துப் படியுங்கள். இவை விருப்பப்பட்டவர்கள் தாமாக வந்து நிரப்பியவை. தீவிர ரசிகர்களின் குரல் அதில் கூடுதலாகத்தான் ஒலிக்கும். ஒரு நிறுவனத்தின் 2017 எண்ணை அதே கேள்வி கேட்ட 2021 எண்ணோடு ஒப்பிடலாம், வேறொருவர் வேறு விதமாகக் கேட்டதோடு ஒப்பிடக் கூடாது. அடுத்த ஆண்டு விதிகள் எஃப்ஐஏ தளத்தில் பிடிஎஃப்பாக வரும்போது, நீங்கள் சுட்டிய பிரிவைத் திறந்து பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சொல் மாறியிருந்தால், அடுத்த மூன்று பந்தயங்களில் எதைக் கவனித்து நோட்டில் எழுத வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கும். மாறவில்லை என்றால் பிரிவு எண்ணோடு மறுபடி எழுதலாம், மார்ச்சில்.